ஈரோட்டு வீட்டுப் பிள்ளைகள்

1924-ம் ஆண்டு நவம்பர் மாதம். நாஞ்சில் நாட்டில், கோட்டாற்றிலிருந்து ஒரு கூட்டம் கால்நடையாகப் புறப்பட்டது. டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னால் நடந்தார். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். போகவேண்டிய ஊர் திருவனந்தபுரம். ஏறத்தாழ 40 மைல்.

எதற்காக இந்த நடை? வைக்கம் என்ற ஊரில், மகாதேவர் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா மக்களும் நடக்க வழிவிட வேண்டும் என்று ராணியிடம் மனுக் கொடுப்பதற்காக. நடந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள். அந்தத் தெருக்களில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டவர்களுக்காக அவர்கள் நடந்தார்கள்.

வைக்கம் எங்கே, கோட்டாறு எங்கே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். இன்று இரண்டுக்கும் நடுவே மாநில எல்லை இருக்கிறது. அன்று இல்லை. 1956-ம் ஆண்டில்தான் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. வைக்கத்தில் இருந்த கொடுமை இங்கேயும் இருந்தது. கோட்டாற்றிலிருந்து சுசீந்திரம் ஒரு நடைதான். அங்கே தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் கால் வைக்க முடியாது. ஆடு போகலாம். மாடு போகலாம். மனிதன் போகக்கூடாது.

ஆகவே, வைக்கத்தில் தெருக் கதவு திறந்தால் நாளை சுசீந்திரத்திலும் திறக்கும் என்று நாஞ்சில் நாட்டார் நினைத்ததில் வியப்பு இல்லை.

அந்த ஆண்டின் கோடைக்காலத்திலேயே, தமிழ்நாட்டிலிருந்து வந்து வைக்கத்தில் போராடிய பெண்களில் இருவர் ஈரோட்டுக்காரர்கள். ஒருவர் நாகம்மை. மற்றவர் கண்ணம்மாள். இருவரும் நாத்தனார் முறை.

நாகம்மையின் கணவர் அப்போது போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். கண்ணம்மாளுக்கு அவர் உடன்பிறந்த அண்ணன். அவர் பெயர் ஈ.வெ.ராமசாமி. பிற்காலத்தில் பெரியார் என்று நாடு அழைத்தது அவரைத்தான்.

அவருக்கும் ஓர் அண்ணன் உண்டு. பெயர் கிருஷ்ணசாமி.

மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வீட்டின் சோற்றைத் தின்றவர்கள். சாதியின் பெயரால் நடந்த ஒரே அநீதிதான் மூவரின் கண் முன்னாலும் இருந்தது. ஆனால் மூவரும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சிறு வயதிலேயே முரண்டு பிடித்தார். ஒருவர் சொன்ன பேச்சைத் தட்டாமல் வளர்ந்தார். ஒருவர் கல்யாணம் ஆன பிறகு தெருவுக்கு வந்தார். அவர்களுடைய கதை இது.

வெங்கட்ட நாயக்கர் வீடு

ஈரோட்டு வெங்கட்ட நாயக்கர் பிறக்கும்போதே பணக்காரர் இல்லை. கல் தச்சரிடம் கூலி வேலை பார்த்தார். பிறகு மாட்டுவண்டி ஓட்டினார். பிறகு சிறு கடை வைத்தார். அவருடைய மனைவி சின்னத்தாயம்மாளும் அவரோடு சேர்ந்து பாடுபட்டார். கடை மண்டியாயிற்று. நாயக்கர் ஊரில் முதல் வரிசை வியாபாரி ஆனார்.

செல்வம் வந்தது. குழந்தை மட்டும் வரவில்லை. பல ஆண்டுகள் தவம் கிடந்தார்கள். விரதம் இருந்தார்கள். பெருமாள் பக்தி அந்த வீட்டில் நாளுக்கு நாள் வளர்ந்தது. பாகவதர்கள் வருவார்கள். சாமியார்கள் வருவார்கள். பஜனையும் கதையும் நடக்கும். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு உண்டு.

1877-ம் ஆண்டு கிருஷ்ணசாமி பிறந்தார். அருமையாகப் பிறந்த பிள்ளை அல்லவா? தாய் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1879 செப்டம்பர் 17-ந் தேதி ராமசாமி பிறந்தார். அதற்குப் பிறகு இரண்டு பெண்கள். அவர்களில் கடைக்குட்டி கண்ணம்மாள்.

இரண்டாவது பிள்ளையின் விதி வேறு மாதிரி அமைந்தது. நாயக்கரின் உறவில், பாட்டி முறையாகவேண்டிய ஒரு விதவை இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு குழந்தையை வளர்க்கக் கொடுங்கள் என்று கேட்டார். ராமசாமியைக் கொடுத்தார்கள்.

அந்த அம்மாள் ஏழை. வீட்டில் பழைய சோறுதான் பெரும்பாலும். ஆனால் பிள்ளைக்குக் கட்டுப்பாடு கிடையாது. இந்தத் தெருவுக்குப் போகாதே, அந்தப் பிள்ளையோடு சேராதே என்று சொல்ல ஆள் இல்லை. ராமசாமி புழுதியில் புரண்டார். கிடைத்ததைத் தின்றார். யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தார். மடி, ஆசாரம் என்பவை அந்த வயதில் அவருக்குத் தெரியாது.

அதே ஊரில் அண்ணன் கிருஷ்ணசாமி குளித்து, நாமம் இட்டு, பாகவதர்களின் காலடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினார்.

பிற்காலத்தில் இருவரும் இரண்டு விதமாக நடந்ததற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகள்கூட வேறு வேறாக இருப்பதை நாம் பார்க்கிறோம். ஆனாலும் ஒன்று உண்மை. தீட்டு என்ற பாடத்தை அண்ணன் பேசப் பழகும்போதே கற்றார். தம்பிக்கு அந்தப் பாடம் காலம் தாழ்ந்து வந்தது. அதற்குள் அவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்துவிட்டது.

தாகம்

ராமசாமியை வீட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 6 வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. சுற்றிலும் ஏழைகளின் குடியிருப்பு. மூங்கில் கூடை முடைபவர்கள், பாய் நெய்யும் முஸ்லிம்கள், எண்ணெய் ஆட்டுபவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போதே பெற்றோர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீடுகளில் தண்ணீர் குடிக்கக்கூடாது. தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில்தான் கேட்கவேண்டும்.

வாத்தியார் ஓதுவார் குலம். சுத்த சைவம். பையன் அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டான். வாத்தியாரின் மகள், சிறுமிதான், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கச் சொன்னாள்.

பையனுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது. கொஞ்சம் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. கொஞ்சம் மூக்குக்குள் போயிற்று. மீதி சட்டையை நனைத்தது. புரை ஏறிற்று. அவன் டம்ளரைக் கீழே வைத்ததும், அந்தப் பெண் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனாள்.

நாயக்கர் வீட்டில் தாழ்ந்த சாதிக்காரர்களுக்குச் செய்யும் காரியத்தைத்தான் வாத்தியார் வீட்டார் நாயக்கர் மகனுக்குச் செய்தார்கள். ஏணியில் நடுப்படியில் நிற்பவனுக்கு மேலேயிருந்து மிதி விழும். கீழே இருப்பவனை அவன் மிதிப்பான். பெரும்பாலானவர்கள் மேலிருந்து விழுந்த மிதியை மறந்துவிடுவார்கள். இந்தப் பையன் மறக்கவில்லை.

அடுத்த முறை தாகம் எடுத்தபோது அவன் வாத்தியார் வீட்டுக்குப் போகவில்லை. கூடை முடைபவர் வீட்டுக்குப் போனான். அங்கே டம்ளரைக் கையில் கொடுத்தார்கள். வாய் வைத்துக் குடித்தான். வயிறு நிறைந்தது. அப்புறம் தண்ணீர் மட்டுமா? அங்கே கிடைத்த தின்பண்டத்தையும் தின்றான்.

செய்தி வீட்டுக்கு எட்டியது. சின்னத்தாயம்மாள் துடித்துப்போனார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை கண்ட இடத்தில் தின்றால் யார்தான் பொறுப்பார்கள்? அடித்தார்கள். திட்டினார்கள். பையன் கேட்கவில்லை. கடைசியில் கால்களில் விலங்குக் கட்டை மாட்டினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய 15 நாள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பழைய கூட்டாளிகளோடு விளையாடப் போய்விட்டான்.

பெற்றோரை இங்கே கல்நெஞ்சக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் ஊருக்குச் சோறு போட்டவர்கள். ஆனால் அந்தச் சோற்றைக்கூடச் சாதி பார்த்து, இடம் பார்த்துத்தான் போட்டார்கள். அதில் தவறு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அப்படித் தோன்றியவர்கள் மிகச் சிலர்.

படிப்பு அத்தோடு போயிற்று. திண்ணைப் பள்ளியில் மூன்று ஆண்டு, நகரசபைப் பள்ளியில் இரண்டு ஆண்டு. பிறகு பையனை மண்டிக்கு இழுத்துக்கொண்டார் தந்தை. மூட்டைகளுக்கு விலாசம் போடுவதும், சரக்கை ஏலம் கூறுவதும் அவன் வேலை. வியாபாரத்தில் கெட்டிக்காரன் ஆனான். ஓய்ந்த நேரத்தில், வீட்டுக்கு வரும் பாகவதர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பான். அவர்களில் ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் முரண்பாடு கண்டால் அவனுக்குக் கொண்டாட்டம்.

மூத்தவர்

தம்பி இப்படி ஊர்வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்க, மூத்த மகன் கிருஷ்ணசாமி வீட்டுக்கு அடங்கிய பிள்ளையாக வளர்ந்தார். படித்தார். பக்தி நூல்களைக் கற்றார். சித்த வைத்தியத்தில் அவருக்கு நாட்டம் சென்றது. மூலிகை பார்த்தார். மருந்து கற்றார். நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

அவரைக் கோழை என்று நினைப்பது தவறு. எல்லாருக்கும் சண்டை போடும் சுபாவம் இருக்குமா? வீட்டில் பெரியவன் என்றால் பொறுப்பு அவன் தலையில் விழும். இளையவன் வீட்டை எதிர்க்கும்போது மூத்தவனும் எதிர்த்தால் அப்புறம் தாய் தந்தைக்கு யார் ஆறுதல்? நம் குடும்பங்களில் இதை நாள்தோறும் பார்க்கலாம். ஒருவன் கதவை உதைத்துத் திறந்தால், இன்னொருவன் உள்ளே உட்கார்ந்து அம்மாவின் கண்ணீரைத் துடைக்கிறான்.

1904-ம் ஆண்டில் ஒரு நாள் ராமசாமி தந்தையோடு மனஸ்தாபப்பட்டு வீட்டைவிட்டே போய்விட்டார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. காசி வரையில் போனார். அங்கே பசியால் வாடினார். சத்திரங்களில் சாதி பார்த்துச் சோறு போட்டதைக் கண்டார். பிறகு ஏலூருக்கு வந்து சேர்ந்தார். தந்தை தேடிக்கொண்டு போய் அழைத்து வந்தார். அப்போதெல்லாம் வீட்டோடு இருந்தவர் அண்ணன்தான்.

அழுத சிறுமி

அடுத்த அடி வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

ராமசாமியின் தங்கை மகள் ஒருத்தி. பொம்மை வைத்து விளையாடும் வயது. அந்தக் கால வழக்கப்படி அப்போதே அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளையும் சிறுவன்தான். கல்யாணம் முடிந்து சுமார் 60 நாள் ஆகியிருக்கும். அந்தச் சிறுவன் காலராவில் இறந்துபோனான்.

குழந்தை விதவை ஆனாள். இனி அவளுக்குப் பூ கிடையாது. பொட்டு கிடையாது. நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது. ஆயுள் முழுவதும் அப்படித்தான். அவள் மாமனிடம் வந்து அழுதாள். எனக்குக் கல்யாணம் செய்துவை என்று நான் உங்களைக் கேட்டேனா என்று கதறினாள்.

மாமனின் உள்ளம் உருகிற்று. அன்றே அவர் முடிவு செய்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு மறுபடியும் கல்யாணம் செய்துவைப்பது என்று.

பெற்றோர் சம்மதிக்கவில்லை. உறவினர் கொதித்தார்கள். குலத்தில் இல்லாத வழக்கம் என்றார்கள். ராமசாமி பின்வாங்கவில்லை. 1909-ம் ஆண்டில் கல்யாணத்தை முடித்துவைத்தார்.

கண்ணம்மாள் அப்போது இளம்பெண். ராமசாமிக்குப் பல ஆண்டு இளையவர். ஆண் பிள்ளையின் குறும்பை ஊர் கதையாகச் சொல்லும். பெண் குழந்தையின் மனத்தில் இருப்பதை யார் கேட்டார்கள்? அண்ணனுக்கு நேர்ந்தது தீட்டு. அதைச் சண்டை போட்டு, தோளில் கட்டையைச் சுமந்து அவர் தீர்த்துக்கொண்டார். பெண்ணுக்கு நேர்ந்த அநீதி வீட்டு அடுக்களையிலும் தாலிக் கயிற்றிலும் இருந்தது. அதை எதிர்த்து எங்கே போவது? தன் வீட்டுக் குழந்தை ஒன்று வெள்ளைப் புடவையிலிருந்து மீட்கப்பட்டதை அவர் கண்ணால் கண்டார். அது வீண் போகவில்லை.

இரண்டு பெண்கள்

1911-ல் தந்தை காலமானார். ராமசாமி ஊர்ப் பொதுக்காரியங்களில் முன்னுக்கு வந்தார். ஈரோடு நகரசபைச் சேர்மன் ஆனார். பிறகு அந்தப் பதவியை விட்டு காங்கிரசில் சேர்ந்தார். கதர் கட்டினார். அவர் மட்டுமா? நாகம்மையும் கண்ணம்மாளும் கதர் கட்டினார்கள். அந்நாளைய கதர் கோணி போல் கனக்கும். செல்வக் குடும்பத்துப் பெண்கள் பட்டை விட்டு அதைக் கட்டினார்கள் என்றால் சும்மா அல்ல.

1921-ம் ஆண்டு கள்ளுக்கடை மறியல் வந்தது. ராமசாமி சேலம் தாதம்பட்டியில் தமக்கு இருந்த தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் மறியல் செய்து கைதானார். சர்க்கார் 144 தடை உத்தரவு போட்டது.

தலைவர்கள் ஜெயிலுக்குப் போனால் மறியல் தானாக நின்றுவிடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நடந்தது வேறு. நாகம்மையும் கண்ணம்மாளும் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். தடையை மீறிக் கள்ளுக்கடை முன்னால் நின்றார்கள்.

கள்ளுக்கடை முன்னால் குடும்பப் பெண்கள்! ஊரே திரண்டது. இவர்களைக் கைது செய்தால் ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயிலுக்கு வரத் தயாராக இருந்தார்கள். அதிகாரிகள் திகைத்தார்கள். தடை உத்தரவை விலக்கிக்கொண்டார்கள்.

பின்னர் மறியலை நிறுத்துவது பற்றிச் சமரசம் பேசினார்கள். அது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் சொன்னதாக அந்தக் காலத்தவர் பெருமையோடு நினைவுகூர்வார்கள்.

மறுபடியும் விலங்கு

1924 மார்ச் 30-ந் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி.கே.மாதவன், கே.பி.கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் ஆகியோர் நடத்தினார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜெயிலுக்குப் போய்விட்டார்கள். போராட்டம் அணைந்துவிடுமோ என்ற நிலை. ராமசாமிக்கு அழைப்பு வந்தது. ஏப்ரல் 13-ந் தேதி அவர் வைக்கத்தில் இறங்கினார்.

ஊர் ஊராகப் பேசினார். முதலில் ஒரு மாதம் அருவிக்குத்தி என்ற இடத்தில் காவலில் வைத்தார்கள். வெளியே வந்ததும் மீண்டும் பேசினார். இரண்டாவது முறை 4 மாதக் கடுங்காவல். திருவனந்தபுரம் மத்திய ஜெயிலில் போட்டார்கள்.

மற்றத் தலைவர்களுக்கு அங்கே அரசியல் கைதி என்ற மரியாதை இருந்தது. இவருக்கு இல்லை. கைதிகளின் உடை. தலையில் கைதிக் குல்லாய். கழுத்தில் எண் எழுதிய மரப்பட்டை. கால்களில் இரும்பு விலங்கு. திருடர்களோடும் கொலைகாரர்களோடும் சேர்ந்து வேலை செய்தார். அதே ஜெயிலில் இருந்த கேசவ மேனன் இதைக் கண்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

கூடை முடைபவர் வீட்டில் தண்ணீர் குடித்ததற்காகச் சிறு வயதில் தந்தை வீட்டில் காலில் கட்டை மாட்டினார்கள். ஏறத்தாழ 35 ஆண்டு கழித்து, அதே குற்றத்துக்காகத்தான் ஒரு சமஸ்தானம் காலில் இரும்பை மாட்டியது.

அவர் உள்ளே இருந்தபோது வெளியே நாகம்மையும் கண்ணம்மாளும் சும்மா இருக்கவில்லை. மே மாதத்தில் நாகம்மை கைதானார். பெண்கள் வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினார்கள். கள்ளுக்கடை முன்னால் நின்று பழகிய கால்களுக்குக் கோவில் தெரு பெரிதா?

ஆகஸ்டு 7-ந் தேதி மகாராஜா மூலம் திருநாள் காலமானார். அதையொட்டிக் கைதிகளை விட்டார்கள். 31-ந் தேதி ராமசாமியும் வெளியே வந்தார். நவம்பரில்தான் தொடக்கத்தில் சொன்ன கோட்டாற்று நடைப்பயணம். வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் இன்னொரு கூட்டம் வந்தது. இரண்டும் திருவனந்தபுரத்தில் கூடின. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவை ராணி சேது லட்சுமிபாயிடம் கொடுத்தார்கள்.

அதனால் உடனே வழி பிறந்ததா? இல்லை. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் வந்தது. ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. மார்ச்சில் காந்தியடிகள் நேரில் வந்து ராணியைப் பார்த்தார். நவம்பரில் நான்கு தெருக்களில் மூன்று திறந்தன. வெற்றிக் கூட்டத்துக்கு ராமசாமி தலைமை வகித்தார். நாகம்மையும் உடன் வந்திருந்தார்.

சூடு ஆறுவதற்குள், 1926-ம் ஆண்டு நாஞ்சில் நாட்டில் சுசீந்திரம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதற்கும் முன்னால் நின்றவர் அதே எம்பெருமாள் நாயுடுதான். 1930-ல் மறுபடியும் அங்கே போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12-ந் தேதி, கோவில்களுக்குள்ளேயே எல்லா இந்துக்களும் போகலாம் என்று மகாராஜா சித்திரைத் திருநாள் பிரகடனம் செய்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஈரோட்டில் சின்னத்தாயம்மாள் காலமாகியிருந்தார். கடைசி வரையில் அந்த அம்மாள் தம் ஆசாரத்தை விடவில்லை. மகன் அதற்காகத் தாயோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை.

தங்கை பெயர், அண்ணன் பெயர்

1925 மே 2-ந் தேதி ராமசாமி 'குடி அரசு' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1933 மே மாதம் நாகம்மை காலமானார். அப்போது பத்திரிகையை வெளியிடுபவர் என்று போட்டிருந்த பெயர் கண்ணம்மாளின் பெயர்.

பத்திரிகையில் வெளியிடுபவர் பெயர் அலங்காரத்துக்குப் போடுவதல்ல. ஒரு கட்டுரைக்கு வழக்கு வந்தால், எழுதியவரோடு வெளியிட்டவரும் கூண்டில் ஏறவேண்டும்.

அக்டோபர் மாதத் தலையங்கம் ஒன்றில், நடந்துவந்த ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சர்க்கார் அதை ராஜத்துரோகம் என்றது. டிசம்பரில் அண்ணனையும் தங்கையையும் போலீஸார் கைது செய்தார்கள். 1934 ஜனவரியில் இருவருக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள்.

பெண் பிள்ளை ஜெயிலுக்குப் போவதா என்று கேட்கும் காலம் அது. கண்ணம்மாள் போனார்.

இப்போது மூத்தவர் கிருஷ்ணசாமி என்ன செய்தார்?

சிறு வயதில் அவர் வாத்தியார் வீட்டு டம்ளரைக் கேள்வி கேட்கவில்லை. கூடை முடைபவர் வீட்டுக்கும் போகவில்லை. தம்பியின் காலில் கட்டை மாட்டியபோது அவரும் அதே வீட்டில் வளர்ந்த சிறுவன்தான். அந்தக் காட்சி அவர் மனத்தில் என்ன செய்தது என்பது அவருக்கே தெரியும். வெளியே தெரிந்தது நல்ல பிள்ளையின் முகம் மட்டுமே.

1930-ம் ஆண்டுகளின் நடுவிலிருந்து, தம்பி நடத்திய பத்திரிகைகளில் அண்ணனின் பெயர் வரத் தொடங்கியது. ஜாமீன் கேட்டு ஒரு பத்திரிகையை சர்க்கார் முடக்கினால், வேறு பெயரில் இன்னொன்று வரும். அதில் ஈ.வெ.கிருஷ்ணசாமி என்று இருக்கும். வைத்தியம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய வயதில், அவர் வழக்குகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. டிசம்பரில் தம்பிக்குத் தண்டனை விதித்தார்கள். பெல்லாரி ஜெயில் வரையில் கொண்டுபோனார்கள். அந்தப் போராட்ட காலத்தில் 'விடுதலை' பத்திரிகையின்மீதும் வழக்கு வந்தது. ஆசிரியர் பண்டித முத்துசாமிப் பிள்ளை. வெளியிடுபவர் கிருஷ்ணசாமி. இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

கிருஷ்ணசாமிக்கு அப்போது 60 வயது கடந்திருந்தது. தம்பி முதன்முதலில் விலங்கு பூண்டபோது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அன்று அவர் தம்பியோடு தெருவுக்குப் போகவில்லை. அரை நூற்றாண்டு கழித்து ஜெயிலுக்குப் போனார்.

1950 பிப்ரவரியில் கிருஷ்ணசாமி காலமானார். அவருடைய மகன்தான், பின்னர் பாராளுமன்றத்துக்குப் போன ஈ.வெ.கி.சம்பத்.